பெர்கெனின் சமாதிக்குக் கூண்டு எதற்கு?

துருக்கி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

உங்கள் மெர்சின் நகரத்தில் பாடகி பெர்கெனின் சமாதியைப் படத்தில் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சமாதியைச் சுற்றி இரும்புக் கூண்டு. மகளைச் சுட்டுக் கொன்றவன் சமாதியையும் விட்டுவைக்க மாட்டான் என்று பயந்து பெற்ற தாய் போட்ட கூண்டு அது.

நான் துருக்கிக்காரன் இல்லை, தமிழில் எழுதுகிறேன். ஆனால் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவர்கள் மினிபஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்டு வளர்த்த உங்கள் ஊர் அராபெஸ்க் என்ற சோகப் பாட்டு, மொழி புரியாத எனக்கும் நெஞ்சை அடைக்கிறது. அதிலும் பெர்கென் பாடினால் வேலையை நிறுத்திவிட்டுத்தான் கேட்பேன். அங்காரா இசைப்பள்ளியில் செல்லோ படித்த பெண், அப்புறம் இரவு விடுதி மேடைகளுக்குப் பாட வந்தார். 1982-இல் கணவன் ஆள் வைத்து முகத்தில் அமிலம் வீசினான், வலது கண் போனது. அந்தப் பக்கத்தை முடியால் மறைத்துக்கொண்டு மறுபடி மேடை ஏறினார். 1986-இல் வந்த 'அஜிலாரின் கதினி', அதாவது 'வேதனைகளின் பெண்', அவருக்கே பட்டப்பெயர் ஆகிவிட்டது. 1989 ஆகஸ்ட் 14, அதானா பக்கம் பொசான்ட்டியில், விவாகரத்து ஆன பிறகும் அதே கணவன் துரத்தி வந்து சுட்டான். அவருக்கு வயது 31 தான். கொன்றவன் துருக்கிச் சிறையில் இருந்தது சில மாதங்கள்.

பழைய கதை என்று சொல்லிவிடாதீர்கள். 2022-இல் அவர் வாழ்க்கை படமாக வந்தபோது கொலைகாரனின் ஊரான கோசானில் திரையிட விடவில்லை. உங்கள் தண்டனைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது: 'அவள்தான் என் கோபத்தைத் தூண்டினாள்' என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், சாகும்வரை சிறை என்பது 18 முதல் 24 வருடமாகக் குறைந்துவிடும். நீதிமன்றத்தில் கோட்டு சூட்டு போட்டு வந்து நின்றதற்கெல்லாம் நன்னடத்தைச் சலுகை கிடையாது என்று அதே 2022-இல் திருத்தினீர்களே, அது நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். அதே கையோடு இந்த 29-ஆம் பிரிவையும் திருத்துங்கள். விட்டுப் போன மனைவியைக் கொன்றவன் 'தூண்டுதல்' என்று வாய் திறக்கவே முடியாதபடி எழுதுங்கள்.

இன்னொன்று. பெண்களைக் காக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கை உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியது, 2012-இல் அதை முதலில் உறுதிசெய்த நாடும் நீங்கள்தான். 2021-இல் ஜனாதிபதி ஒரே ஆணையில் நாட்டை அதிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார். திரும்பச் சேர வேண்டும் என்று சபையில் எழுந்து கேளுங்கள். அப்படிக் கேட்கப் போகும் நாளில் மெர்சினுக்குப் போய், அந்தக் கம்பிகளுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பெர்கெனின் பாட்டு கேட்கும் ஒருவன்