பிராம்ப்டன் கல்லறை வெறும் ஷூட்டிங் ஸ்பாட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன்ல பார்க்க வேண்டிய சினிமா லொக்கேஷன்னு ஞாயிறு இணைப்புல பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தையும் போட்டிருந்தீங்க, சந்தோஷம், ஆனா 'ஷெர்லாக் ஹோம்ஸ்' (2009), 'ஜானி இங்கிலிஷ்' எடுத்த இடம்னு ரெண்டே வரியில முடிச்சுட்டீங்களே சார். மகன் வீட்டுக்குப் போனப்ப நானும் அங்க ஒரு எட்டு போயிட்டு வந்தேன். வெஸ்ட் பிராம்ப்டன் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே கேட், டிக்கெட் கிடையாது. 1840ல திறந்த இடம். நடுவுல நேர் பாதை, ரெண்டு பக்கமும் வளைஞ்சு போற தூண் வரிசை, கடைசியில டோம் வெச்ச சேப்பல், ஆர்ட் டைரக்டருக்கு வேலையே இல்ல. பாசி புடிச்சு பேர் பாதி அழிஞ்சுபோன ஒரு கல்லு மேல ஷூ காலை வெச்சுக்கிட்டு ஒருத்தர் செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தார், எனக்கு வந்துச்சே கோவம்.

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடி ஜெயிலுக்குப் போன எம்மலின் பங்கர்ஸ்ட் இங்கதான் அடக்கம். அத விடுங்க, லாங் வுல்ஃப்னு ஒரு லகோட்டா பூர்வகுடித் தலைவர், அமெரிக்காலேர்ந்து பஃபலோ பில்னு ஒருத்தர் நடத்தின கௌபாய் சாகச ஷோவோட வந்தவர், 1892ல லண்டன்லயே இறந்துபோய் இங்க புதைச்சுட்டாங்க, அப்புறம் ஒரு பிரிட்டிஷ் பெண்மணி அவர் கதையப் பழைய புத்தகத்துல படிச்சுட்டு விடாம முயற்சி பண்ணி, 1997ல உடலத் தோண்டியெடுத்து சொந்த மண்ணுக்கே அனுப்பி வெச்சாங்க. அங்க எடுத்த படங்களவிட இது பெரிய கதை சார்!

ஷூட்டிங் கூடாதுன்னு சொல்லல. அடுத்த தடவை லொக்கேஷன் போடும்போது அங்க படுத்திருக்கறவங்களப் பத்தியும் நாலு வரி எழுதுங்க, கல்லறை மேல ஏறாதீங்கன்னு ஒரு வரியும் சேருங்க.

- ஒரு வாசகர், திருச்சி