மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அவற்றில் சேர்க்கும் ஸ்டீராய்டு, அதாவது வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் மருந்து, பொல்லாதது என்று சொன்னது சரி. ஆனால் 'தெரிந்த அன்றே தூக்கிப் போடுங்கள்' என்று முடித்ததைப் படித்ததும் பகீரென்றது.

எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி. யாங்கோனில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வலி என்று சொன்னால் போதும், கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து மாத்திரைகளைக் கத்தரித்துச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்துவிடுவார். வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அதில் ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பொடி மாத்திரைதானே என்று நினைக்கக் கூடாது. பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு 5 மில்லிகிராமில் செய்கிற வேலையை இது முக்கால் மில்லிகிராமிலேயே செய்துவிடும். வலி போன இடம் தெரியவில்லை. சில மாதத்தில் கன்னம் உப்பி, முகம் வட்டமானது. கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் "இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு" என்றார்கள். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது!

பங்குனி உத்திர விரதம் வந்தது. அத்தை சாப்பாட்டோடு மாத்திரைகளையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். அப்புறம் வாந்தி, எழுந்து நின்றால் மயக்கம், ரத்த அழுத்தம் தரைமட்டம். மருத்துவமனையில் சேர்த்து, அதே வகை மருந்தை ஊசியில் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய கார்டிசோலைத் தானே சுரக்கும். மாத்திரை வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அது வேலையைக் குறைத்துக்கொள்ளும். மறுபடி முழுதாகச் சுரக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள், மருத்துவர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மருந்தையே திட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1948இல் மூட்டு முடக்குவாத நோயாளிக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 1950இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. கொரோனா காலத்தில் டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்தது, ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான். 2021 ஜூலையில் இங்கே சிலிண்டருக்கு அலைந்த பலர் அதை வாங்கி வீட்டிலும் வைத்திருப்பார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு அதை எடுக்கக் கூடாது. காசநோய் அதிகமுள்ள நாடு நம் மியான்மர். உள்ளே தூங்கும் கிருமியை ஸ்டீராய்டு எழுப்பிவிடும், காய்ச்சலை மட்டும் அமுக்கிக் காட்டும். அதே பையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையும் இருந்தால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு வரை போகும்.

அடுத்த தீமிதிக்குக் காப்புக் கட்டுமுன் ஒரு மருத்துவரிடம் கேட்டுப் பெட்டிச் செய்தி போடுங்கள்: ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் விரதம் இருக்கலாமா, இருந்தால் காலை மாத்திரையை எதோடு சாப்பிடுவது, வாந்தி வந்தால் என்ன செய்வது. கோயில் அறிவிப்புப் பலகையிலும் அதை ஒட்டிவைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி, யாங்கோன்