மூணாறு ரயில் தடம் நடப்பதற்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு மூணாறு வருகிறவர்களுக்காக உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அணை, படகு, மியூசியம் எல்லாம் இருந்தது. இங்கே ரயில் ஓடிய கதை மட்டும் இல்லை. தேயிலை பேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மகளோடு குண்டளைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கிறேன். அந்த ரயில் தடத்தில்தான் சாயங்காலம் நடக்கப் போவேன்.

1902-இல் மூணாறிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற ஊருக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மாடுகள்தான் வண்டி இழுத்தன. 1908-இல் அதை மாற்றி இரண்டடி அகலப் பாதை போட்டு ரயில் விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடிநாயக்கனூர். 1924 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் தண்டவாளம் போடவில்லை.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி, ஏறுவதே தெரியாதபடி தடம் வெட்டியிருக்கிறார்கள். முட்டிவலி உள்ள என்னாலேயே மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறது. பல இடங்களில் தார் ரோடு அதன் மேலேயே போகிறது. ரோடு விலகுகிற இடங்கள்தான் நடக்க அருமை. எங்கள் லயத்துக்கு மேலே ஒரு வளைவில், ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர். பூச்சு கிடையாது. கல்லுக்குக் கல் பொருத்தம் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். மண்ணில் இறங்கும் மழைத்தண்ணீர் கல் இடுக்கு வழியாக வடிந்துவிடுகிறது, சுவர் இன்றும் சாயவில்லை. அடியில் கை வைத்தால் ஆடிமாதம் முழுக்க ஈரம் இருக்கும்.

அந்தச் சுவரில் இருந்துதான் இப்போது கல் பெயர்த்து எடுக்கிறார்கள். யாருடைய வேலைக்கு என்று கேட்டால் சரியான பதில் இல்லை. இன்னும் நாலு மழைக்கு விட்டால் வளைவே சரிந்துவிடும்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் செங்குத்துப் பாதையைப் பற்றியும் பேசவில்லை. 2018 மார்ச்சில் அந்தக் காட்டில் தீயில் போன உயிர்களை நாங்கள் மறக்கவில்லை. வயதானவர்களும் பிள்ளைகளும் நடக்கக்கூடிய, மேலே இருக்கும் இந்தப் பழைய ரயில் தடத்தை மட்டும் பஞ்சாயத்தும் தோட்ட நிர்வாகமும் உட்கார்ந்து பேசி அளந்து, கல் எடுப்பதை நிறுத்தட்டும். ஜீப் நுழையாமல் இரண்டு முனையிலும் கம்பு நடட்டும். சிமெண்ட் தளம், செல்பி மேடை எதுவும் வேண்டாம்.

பழைய ஸ்டேஷன் இருந்த இடங்களில் பலகை வைத்தால் மலையாளத்தோடு தமிழிலும் எழுத வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் கூட்டிவந்த நம் ஆட்களின் உழைப்பில்தான் இந்த மலை தோட்டமானது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்த வழியில்தான் கொழுந்து சுமக்கிறார்கள். பருவமழை தொடங்கும் முன் ஒரு நிருபரை அனுப்புங்கள். சுவர் இருக்கும் இடம்வரை நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிலாளி,
குண்டளை, மூணாறு.