பாதிக்கப்பட்டோரை முதலில் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசிய உணவகங்களில் குடிநுழைவுத் துறை நடத்திய சோதனையில் தமிழகத் தொழிலாளர்கள் பிடிபட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் வாசித்து வருந்தினேன். மனிதக் கடத்தலுக்கு ஆளானவர்மீது, அதன் நேரடி விளைவாக நேர்ந்த சட்டவிரோத நுழைவுக்காகவோ தங்கலுக்காகவோ வழக்குத் தொடரலாகாது என்று 2007ஆம் ஆண்டின் மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று யாரும் கேட்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு அவருக்கு எப்படிக் கிட்டும்? பட்டர்வொர்த்தில் நான் அறிந்த இளைஞர் ஒருவர், சமையல் வேலை என்ற முகவரின் பேச்சை நம்பிக் கடன்பட்டுச் சுற்றுலா விசாவில் வந்தவர்; கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதால், சம்பளம் வராதபோதும் காவல் நிலையத்துக்குப் போக அஞ்சினார்.

எனவே, பிடிபடும் ஒவ்வொருவரையும் குற்றஞ்சாட்டுவதற்கு முன், முதலாளியோ முகவரோ அருகில் இல்லாத இடத்தில், தமிழறிந்த அலுவலர் ஒருவர் கடப்பிதழ், கடன், சம்பளம் பற்றி விசாரிப்பதைக் குடிநுழைவுத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர், பினாங்கு