பிலிமைக் கழித்துக் கட்டாதே, கோமு

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள கோமு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்தின செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பார்வை மங்கிவிட்டது, ஆனால் உன்னை மறக்கவில்லை. "அந்தத் திருநெல்வேலிப் பெண் அல்வா கொண்டு வருவாளே" என்று கேட்டாள். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

கடைசியில் நாலு வரியில் நீ கேட்டிருந்ததுதான் இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. உங்கள் நூலகத்து மைக்ரோஃபிலிமை, அதாவது பழைய பத்திரிகைப் பக்கங்களைச் சிறிதாக்கிப் படம் எடுத்து வைத்த பிலிம் சுருள்களை, ஸ்கேன் பண்ண கமிட்டி பணம் ஒதுக்கிவிட்டது, முடிந்ததும் சுருள்களைக் கழித்துவிட்டு பீரோவைக் காலி பண்ணச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஸ்கேன் பண்ணுங்கள், இந்த வருஷமே பண்ணுங்கள். ஆனால் பிலிமைக் கொடுத்துவிட ஒப்புக்கொள்ளாதே.

பீரோவைத் திறந்தால் புளித்த வாடை என்கிறாயே, அது அசெட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையும் வாடை. உள்ளிருந்து அசெட்டிக் அமிலம் கசிகிறது, வினிகரில் இருப்பதும் அதுதான். கசிந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும், பக்கத்துச் சுருளையும் பிடிக்கும். 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்று வைத்திருந்தாலே புது அசெட்டேட் பிலிம் சுமார் 40 வருஷத்தில் இந்த நிலைக்கு வரத் தொடங்கும். நம் ஊர் வெயிலில், ராத்திரி ஏசியை அணைத்துவிடும் அறையில், அவ்வளவு காலம் எங்கே தாங்கும்?

எல்லாச் சுருளும் அசெட்டேட்டாக இருக்காது. சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பாலியெஸ்டர் என்ற வேறு பிளாஸ்டிக், அதற்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. இருட்டாகத் தெரிந்தால் அசெட்டேட், அதை முதலில் ஸ்கேனுக்கு அனுப்பு. வாடை அடிப்பதையெல்லாம் தனி அறைக்கு மாற்று. ரப்பர் பேண்டு சுற்றியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடு, அதிலுள்ள கந்தகம், பிலிமில் படமாகப் பதிந்திருக்கும் வெள்ளியை அரிக்கும்.

இனி, நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 2003-இல் பழைய பத்திரிகைச் சுருள்களை ஸ்கேன் பண்ணி சிடியில் எழுதி வாங்கினார்கள். பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கலாம் என்று சுருள்களை எடைக்குப் போட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை, கோமு. போன வருஷம் ஓர் ஆராய்ச்சி மாணவி கேட்டு வந்தபோது அந்த சிடிகளில் பாதி திறக்கவேயில்லை. திறந்தவற்றில் எழுத்துகளின் மேல் புள்ளி இல்லை!

இடம் மிச்சமாகட்டும் என்று சாம்பல் நிறமே இல்லாமல் வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் பண்ணியிருந்தார்கள். மங்கலாக இருந்ததெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஆங்கிலப் பத்திரிகை என்றால் இதைக் கொஞ்சம் சமாளிக்கலாம். தமிழில் புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடுகிறது, 'பல்' 'பல' ஆகிவிடுகிறது. கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கும் நெகட்டிவ் பிலிமில் தூசி ஒட்டியிருந்தால், ஸ்கேனில் கறுப்பு வெள்ளையைத் திரும்ப மாற்றும்போது அந்த இடம் வெள்ளையாகி, இருந்த புள்ளியை விழுங்கும். மேல்பூச்சு உரிந்த இடம் கறுப்பாக விழுந்து, இல்லாத புள்ளியை முளைக்க வைக்கும். எது அச்சுக்காரர் வைத்த புள்ளி, எது பிலிமின் காயம் என்று சந்தேகம் வந்தால் பிலிமை எடுத்து லென்ஸில் பார்ப்பதுதான் வழி. அந்தப் பெண்ணுக்குக் காட்ட என்னிடம் பிலிம் இல்லை. பத்திரிகையின் தாள் எப்போதோ பொடிந்துபோனது. பிலிமே மூலப்பிரதியாக ஆகிவிட்டிருந்தது, அது எங்களுக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் சாம்பல் நிற ஸ்கேன், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பு என்று எழுதி வாங்கு. மூலப்பக்கத்தின் அளவுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும். பக்கத்தை 16 மடங்கு சுருக்கிப் படம் எடுத்திருந்தால், பிலிமின் மேல் 4800 டிபிஐ கேள். சாதாரண மேசை ஸ்கேனரில் செய்து தருகிறேன் என்று வருபவரை அனுப்பிவிடு. பெரிய பத்திரிகைப் பக்கம் ஒன்று சுமார் 30 எம்பி வரும், 600 பக்கம் உள்ள சுருள் 18 ஜிபி. இந்தக் கணக்கைக் கமிட்டியிடம் முதலிலேயே காட்டிவிடு, இல்லாவிட்டால் பிறகு டிஸ்கில் இடம் போதவில்லை என்று தரத்தைக் குறைக்கச் சொல்வார்கள்.

எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள், எல்லாவற்றையும் தேடித் தந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களில் அது தடுமாறுகிறது. ஒவ்வொரு சுருளுக்கும் தேதி, இதழ், விடுபட்ட பக்கம் என்று கையால் ஒரு பட்டியல் எழுதத்தான் வேண்டும். அதை உன்னைப் போல் பொறுமையாகச் செய்ய ஆள் கிடையாது.

போன வாரம் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போயிருந்தேன். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்கள் நம் கண்முன் நிற்கின்றன. வாசிப்பு அறையில் ஒரு பையன் தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு உதவி. இப்போது நான் பார்த்துக்கொள்ளும் சுருள்களின் ஸ்கேன் இரண்டு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, இரண்டும் சென்னையில். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மூன்றாவது பிரதியை உன்னிடம் வைக்கலாமா? உங்களுடையது முடிந்ததும் ஒன்றை இங்கே அனுப்பு, நான் வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து, கோப்புகளின் செக்சம், அதாவது கோப்பு கெட்டால் மாறிவிடும் அடையாள எண், மாறவில்லையா என்று சரிபார்த்து ஒருவருக்கொருவர் எழுதுவோம்.

தை பிறந்ததும் தங்கை மகன் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் வருகிறேன். டிஸ்கைக் கையிலேயே கொண்டு வருகிறேன். அதற்குள் கமிட்டி கூடினால் இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
விஜி