பேட்டரியைக் கழற்றச் சொல்லிக்கொடுங்கள்

நீலகிரி மாவட்டத்தில் கட்டட வேலை எடுத்து நடத்தும் ஒப்பந்ததாரர்களுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் குன்னூரில் ஓர் ஓட்டல் வேலையில் ஒரு பையனுக்கு விரல் போனது உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே பெட்போர்டு டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. யார் சைட், யார் காண்ட்ராக்ட் என்று நான் எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல்: திரெட் ராடு, அதாவது நீளம் முழுக்க மரை போட்ட இரும்புக் கம்பி, வெட்டும் பேட்டரி மெஷினை, சொல்லிக்கொடுக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. 22 வருடமாக எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். அதில் பாதி நாள், கேபிள்களைத் தாங்கும் கேபிள் டிரேயை அந்த ராடில் தொங்கவிடுவதிலேயே போயிருக்கும். கிரைண்டரில் ராடு வெட்டினால் பொறி பறக்கும். கட்டிங் வீல் உடைந்தால் முகத்துக்கு வரும். வெட்டிய முனையில் பிசிறு நிற்கும், அரம் போட்டுத் தேய்த்தால்தான் நட் ஏறும். இந்த மெஷினில் அந்தத் தொல்லை இல்லை. டை என்கிற வெட்டும் அச்சு இரண்டு இருக்கும்; ஒன்று அசையாது, இன்னொன்று நகர்ந்து வந்து கத்தரி மாதிரி நறுக்கிவிடும். நல்ல சாமான்தான். ஆனால் 10 எம்எம் இரும்பைச் சில நொடிகளில் துண்டாக்குகிற சாமான். விரல் எலும்பு அதற்கு எம்மாத்திரம்?

பையனுக்கு 19 வயது. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். என்னிடம் ஹெல்பராக இருந்தான். அன்று அவன் பேஸ்மென்ட்டில், நான் மேல் மாடியில். 8 எம்எம் ராடு முடிந்து 10 வந்தது, டை மாற்ற வேண்டும். பேட்டரி மெஷினிலேயே இருந்தது. மெஷினை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் திருகு கழற்றும் ஆலன் கீயோடு, மற்றக் கையின் ஆள்காட்டி விரலால் டைக்கு நடுவே ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்திருக்கிறான். மெஷின் நழுவியது. விழாமல் பிடிக்கப் போன கை டிரிக்கரில் பட்டது. விரலின் முன் கணு போய்விட்டது.

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பர்லியார் வழியாக மலை இறங்கி கோயம்புத்தூர் போனோம். வழியெல்லாம் அவன் சொன்னது இதைத்தான்: "பேட்டரிய கழட்டணும்னு எனக்குத் தெரியாதுண்ணா." வலியை விட, தப்பு தன்னுடையதோ என்ற பயம்தான் அவன் முகத்தில் இருந்தது. மறுநாள் சைட்டில் சொன்ன பதில், "பாத்து செய்யக் கூடாதா?" எதைப் பார்ப்பது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? மெஷின் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கும் யாரும் காட்டவில்லை. நானும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்தக் குற்றம் என் மேலும் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஏணி மேல் நின்று, டிரேக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ராடுக்கு நட் போட்டவர்களுக்கு ஒன்று தெரியும். மரை பிடித்ததா, கோணலாக ஏறுகிறதா என்று சொல்வது ஆள்காட்டி விரல் நுனிதான். அது இல்லாமல் இப்போது அவன் ஒரு நட்டை நாலு தடவை கீழே போடுகிறான். இறங்கி எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுகிறான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

சொல்லிக்கொடுக்க வேண்டியது அரை மணி நேர விஷயம். டையைத் தொடுவதற்கு முன் பேட்டரி வெளியே வர வேண்டும். கம்பி சிக்கினாலும் அப்படியே. முதலில் பேட்டரி, அப்புறம்தான் கை. ராடின் மரை டையின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் டிரிக்கர். நம் கடைகளில் மூணு நூல் (3/8 அங்குல) ராடும் 10 எம்எம் ராடும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். மூணு நூல் 9.5 எம்எம்தான், மரை இடைவெளியும் வேறு. 10 எம்எம் டையில் அதைக் கொடுத்தால் மரை நசுங்கும், டையின் விளிம்பு தெறிக்கும். அந்தத் தெறிப்பு கண்ணுக்குத்தான் வரும். ஹைடென்சைல் ராடை, அதாவது கூடுதல் உறுதியான எஃகு ராடை, இதில் வைக்கவே கூடாது. மேலே தொங்கும் ராடை வெட்டும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது, துண்டு நேராகத் தலையில் விழும்.

நம் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. உறைபனிக் காலத்தில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குகிற பழக்கத்தை ஊட்டியில் நானே பார்த்திருக்கிறேன். லித்தியம் பேட்டரியை நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ராத்திரி ரூமுக்குள் வைத்தாலே போதும். மழையிலும் ஈரத்திலும் மெஷினை வெளியே எடுக்கவும் கூடாது. இங்கே மாதக்கணக்கில் மழையும் மூடுபனியுமாகத்தான் இருக்கிறது. நாள் தள்ளினால் ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டு, மழை நாளைக் கணக்கில் வைத்து வேலை முடிக்கும் தேதியைக் கொடுக்கலாமே.

மெஷின் வாங்கப் பணம் இருக்கிறது, கண்ணைக் காக்கும் கண்ணாடிக்கு இல்லை. கூட ஒரு செட் டை கேட்டால், இருப்பதை வைத்து ஓட்டு என்கிறீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தாயா என்று அந்தப் பையனை ஒருவரும் கேட்டதில்லை. விரல் போன பிறகுதான் வாரிய அட்டை இருக்கிறதா என்று தேடினோம். சைட்டின் பாதுகாப்புக்கு முதலாளிதான் பொறுப்பு என்று 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

கோபத்தில் இரண்டு வார்த்தை கூடுதலாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. பணிவாகத்தான் கேட்கிறேன். சொல்லிக்கொடுக்காமல் யார் கையிலும் அந்த மெஷினைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மெஷினோடும் சரியான டையும் ஒரு கண்ணாடியும் போகட்டும். பெட்டி மேல் தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்: "பேட்டரியைக் கழற்றிவிட்டு டையைத் தொடு."

சொல்லித்தர ஆள் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வருகிறேன். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, எங்கே கூப்பிட்டாலும் சரி. கூலி வேண்டாம். மெஷினும் நாலு துண்டு ராடும் எடுத்து வையுங்கள். அந்தப் பையனும் என்னோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
குன்னூர் எலக்ட்ரீஷியன் ஒருவன்