ஒரே ஆக்சிலில் இரண்டு வித பிரேக்: மூன்றாவது புகார் கடிதம்

அனுப்புநர்:
டிப்பர் லாரி உரிமையாளரும் ஓட்டுநரும் (இரண்டும் ஒரே ஆள்தான்),
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

நகல்: புதுச்சேரி ஒர்க்‌ஷாப் மேனேஜர்.

பொருள்: முன் ஆக்சில் (முன் சக்கரம் இரண்டையும் தாங்கும் அச்சு) மாற்றியபோது வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக், இடது சக்கரத்துக்கு வேறொரு பிரேக் மாட்டிக் கொடுத்தது, எட்டு முறை அலைந்தும் சரி செய்யாதது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் இரண்டு கடிதத்துக்கும் "உங்கள் புகார் பெறப்பட்டது" என்று போனில் மெசேஜ் வந்தது. மறுநாளே "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்" என்று இன்னொரு மெசேஜ். முடித்து வைத்தவர் யார், எந்த ஸ்பேனரைப் பிடித்து முடித்தார் என்று சொன்னால் அவருக்கே மதிப்பெண் போடுகிறேன். வண்டி பதினெட்டு நாளாக என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டி. பத்து வீல், திருவக்கரை ஜல்லி ஏற்றும் டிப்பர். சேஸ் நம்பரை இதுவரை ஆறு பேரிடம் சொல்லிவிட்டேன், ஏழாவது முறை எழுத எனக்குத் தெம்பில்லை. ஜாப் கார்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். பாலூர் பக்கம் இரவில் ரோட்டுப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஆக்சில் வளைந்துவிட்டது. அது என் விதி, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. வெளியில் பெண்டு எடுத்துத் தருகிறேன் என்று இருபதாயிரத்துக்கு ஆள் இருந்தார். முன் ஆக்சில் உயிர் சம்பந்தப்பட்டது, கம்பெனியிலேயே செய்துவிடுவோம் என்று கட்டியிழுத்துக்கொண்டு போய் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பில் 1,26,400 ரூபாய். அதில் "முன் ஆக்சில் அசெம்பிளி, பிரேக்குடன், 1" என்று போட்டிருக்கிறது. இந்த "பிரேக்குடன்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி எடுத்த அன்று மாலையே கிருமாம்பாக்கத்தில் பால் கேனோடு ஒரு டி.வி.எஸ். பிஃப்டி குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி நிற்பதற்கு முன்னால் வலது பக்கம் பாய்ந்தது. எதிரே கடலூரிலிருந்து வந்த பஸ். அந்த டிரைவர் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கியதால் பிழைத்தோம். அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, நியாயமான திட்டு. வெறும் வண்டிக்கே இந்தக் கதி. ஐயா, பாரத்தோடு மொத்த எடை 28.5 டன் வரை சட்டமே அனுமதிக்கிறது. பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாயும் என்பது கிளீனருக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு ஜல்லி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை என் மனைவிதான் எழுதியிருப்பாள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதல் முறை "புது லைனிங், ஓட ஓட செட் ஆகிடும்" என்றார்கள். சரி என்று வந்தேன். இரண்டாவது முறை டயரில் காற்று பார்த்தார்கள். மூன்றாவது முறை வீல் அலைன்மென்ட், அதற்குத் தனியாக 1,800 ரூபாய் பில். நான்காவது முறை யாரும் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை.

ஐந்தாவது முறைதான் அந்த சர்வீஸ் அட்வைசர். காதில் புளூடூத் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் யாரிடமோ கல்யாண மண்டபம் புக் பண்ணுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே என்னிடமும் பேசினார். வலது பக்கம் இழுக்கிறது என்கிறேன். "அப்ப பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கை லேசா இடது பக்கம் பிடிச்சுக்கங்க. ரெண்டு ட்ரிப்ல பழகிடும்" என்கிறார். பழகிடும்! இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். பிரேக்குக்குத் தகுந்த மாதிரி மனிதன் பழகிக்கொள்ள வேண்டும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "தம்பி, நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றேன். "எனக்கு ஹெவி லைசென்ஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எங்கள் முதுநகர் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். முதலில் வண்டியை இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நான்கைந்து முறை பிரேக் போடச் சொன்னார். நிறுத்தியதும் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து இரண்டு டிரம்மிலும் தெளித்தார். வலது டிரம் தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது. இடது டிரம்மில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிந்தது. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, வேஸ்ட் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து பிரேக் சேம்பர் (காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளுகிற டப்பா) இரண்டையும் துடைத்தார். கறுப்புப் பெயின்ட்டும் மண்ணும் போனதும் உள்ளே அடித்திருந்த எண் தெரிந்தது. வலது பக்கம் 24. இடது பக்கம் 20. டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்த என் பையன்தான் முதலில் வாசித்தான்.

24, 20 என்றால் என்ன என்று உங்களுக்கே சொல்லித் தர வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. சேம்பருக்குள் காற்று தள்ளுகிற பரப்பு, சதுர அங்குலக் கணக்கு. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று போனால் இடது பக்கம் சுமார் 900 கிலோ தள்ளு, வலது பக்கம் சுமார் 1,090 கிலோ. வலது பக்கம் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகப் பிடித்தால் வண்டி வலது பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்? அதோடு விடவில்லை. இடது பக்கம் லைனிங் தேய்மானத்தைத் தானாகவே சரி செய்துகொள்கிற ஸ்லாக் அட்ஜஸ்டர் (சேம்பரையும் பிரேக்கையும் இணைக்கிற கை), வலது பக்கம் ஸ்பேனர் போட்டுத் திருகுகிற பழைய மாடல். ஆக, இன்றைக்கு எப்படியோ இரண்டையும் சமமாக வைத்தாலும், லைனிங் தேயத் தேய ஒரு பக்கம் தன்னைச் சரி செய்துகொள்ளும், மறுபக்கம் தளரும். டேப் வைத்துப் பார்த்தால் லைனிங் அகலமும் வேறு: வலது 180 மில்லிமீட்டர், இடது 160. பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு காலுக்கு ஷூ, ஒரு காலுக்கு ரப்பர் செருப்பு போட்டு அனுப்பியிருக்காங்க" என்றார்.

என் வண்டி உங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இரண்டு பக்கமும் 24. வலது பக்கம் இருப்பது என் பழைய ஆக்சிலில் இருந்த பிரேக்கேதான். டிரம்மில் நான் கீறி வைத்த அடையாளம் இன்னும் இருக்கிறது. ஏன் இப்படி என்று ஆறாவது முறை போனபோது ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இருந்த பையன் மெல்லச் சொன்னான்: வேறு மாடலின் அசெம்பிளி வந்துவிட்டதாம், அதிலும் வலது டிரம் விரிசலாம், போல்ட் ஓட்டை ஒத்துப்போனதால் என் பழைய பிரேக்கையே கழற்றி அந்தப் பக்கம் மாட்டிவிட்டார்களாம். போல்ட் ஓட்டை ஒத்துப்போனால் போதுமா? அந்தப் பையனை ஒன்றும் செய்யாதீர்கள். உங்கள் கட்டடத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அவன். ஆனால் "பிரேக்குடன்" என்று முழுப் பணம் வாங்கிக்கொண்டு என் பழைய சாமானை எனக்கே விற்றதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏழாவது முறையைச் சொல்லாமல் விட முடியாது. மேனேஜர் நேரில் பார்க்கிறார், காலை எட்டு மணிக்கு வண்டியோடு வாருங்கள் என்று போன் வந்தது. அன்றைக்கு மாசி மகம். தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்குப் போகிற கூட்டம் குழந்தை குட்டியோடு ரோடு முழுக்க. பிரேக்கை நம்ப முடியாத வண்டியை வைத்துக்கொண்டு முப்பதுக்கு மேல் போகாமல், மிதிக்கும்போதெல்லாம் முருகா முருகா என்று ஊர்ந்து போனேன். போனால் கேட்டில் செக்யூரிட்டி, "மெக்கானிக் பாதிப் பேர் வைத்திக்குப்பம் போயிட்டாங்க, மேனேஜர் லீவு" என்றார். வரச் சொன்னது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நாலு மணி வரை நின்றேன். கடைசியில் ஒருவர் வந்து ஆக்சிலில் இருக்கும் நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொடுங்கள், வாரன்டிக்கு அனுப்ப வேண்டும் என்றார். தகட்டின் மேலேயே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறீர்கள் ஐயா! ஒரு ரூபாய்க் காசால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொடுத்தேன். அந்த போட்டோவையும் காணவில்லை என்று எட்டாவது முறை சொன்னார்கள். போக வர அறுபது கிலோமீட்டர். அன்றைக்குக் கிடைத்த ஒரே லாபம், முள்ளோடை பங்க்கில் டீசல் நம்ம ஊரை விடக் கொஞ்சம் மலிவாகப் போட்டதுதான்.

இதையும் கேளுங்கள். திரும்பி வரும்போது டேஷ்போர்டில் ஏதோ உறுத்துகிறதே என்று நகத்தால் கிள்ளினேன். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு) விளக்கின் மேல் சின்னதாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எடுத்ததும் விளக்கு மஞ்சளாக எரிகிறது. இடது பக்கம் சென்சார் ஒயர் எதிலும் மாட்டாமல் கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறது. மாட்ட இடமே இல்லாத ஹப் அது. தவறிப்போய் நடந்தது என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தவறிப்போய் யாரும் டேப் ஒட்ட மாட்டார்கள்.

என் நஷ்டத்தைக் கேட்டால், வாடகை போனது மட்டும் நாளுக்கு எட்டாயிரம். மாத டியூ 41,000 நிற்கிறது, ஃபைனான்ஸ்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடமாக எனக்கே லோடு கொடுத்துவந்த ஜல்லி கான்ட்ராக்டர் வேறு வண்டி வைத்துவிட்டார். தங்கச்சி மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ய முடியாமல் சொந்தத்தில் தலை குனிந்து நின்றேன், அதற்கு எந்த பில்லில் கணக்கு எழுதுவது? எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய். நியாயமாகப் பார்த்தால் இதற்கும் மேல்.

உங்கள் இலவச எண்ணில் பேசிய அம்மா, "கமர்ஷியல் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது சார்" என்று சொல்லி வைத்தார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர் ஒருமுறை படிக்கட்டும். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவன் நுகர்வோர்தான் என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு வண்டி, ஓட்டுவது நான். வழக்கை நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு வர வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடவும் தெரியும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, யார் மாட்டியது என்று எழுதி வாங்கவும் தெரியும்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் வண்டியை வாங்கியது நம்பித்தான். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. என் மாடலுக்குரிய பிரேக்கை, சேம்பர், ஸ்லாக், ஷூ, டிரம், சென்சார் என்று இரண்டு பக்கமும் புதிதாக, ஒரே மாதிரி மாட்டித் தாருங்கள். வண்டியை நான் ஓட்டிக்கொண்டு வரமாட்டேன், நீங்கள்தான் ஆள் அனுப்பிக் கட்டியிழுத்துப் போக வேண்டும். அலைன்மென்ட்டுக்கு வாங்கிய 1,800 ரூபாய் திரும்ப வேண்டும். நஷ்டத்தைப் பற்றி உட்கார்ந்து பேசலாம், நான் பேச மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் நடக்காவிட்டால் அடுத்த கடிதம் வக்கீலிடமிருந்து வரும்.

வேலை முடிந்ததும் அந்த "பழகிடும்" தம்பி பக்கத்துச் சீட்டில் உட்கார, உங்கள் டிரைவர் ஒருவர் முதலில் வண்டியைக் கிருமாம்பாக்கம் வரை ஓட்டிக் காட்ட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், ஜாப் கார்டு நகல், இரண்டு சேம்பர்களின் போட்டோ, காசால் சுரண்டிய தகட்டின் போட்டோ (மறுபடியும்).

பி.கு.: கறுப்பு டேப்பை அனுப்பவில்லை. ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன், தேவைப்படும் இடத்தில் காட்டுவேன்.